வளைகுடா ஆம்புலன்ஸ் வேலைக்கான பயிற்சிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எது அந்த வெயிலில் கைகொடுக்கும்

துபாய், தோஹா, ரியாத் பக்கம் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக நினைப்பவர் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு பேக்கேஜ் விலைப்பட்டியல்தான். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு), ஏசிஎல்எஸ் (உயர்நிலை இதய உயிர்காப்பு), பிஎச்டிஎல்எஸ் (மருத்துவமனைக்கு வருமுன் செய்யும் விபத்துச் சிகிச்சை), ப்ரோமெட்ரிக் (உரிமத் தேர்வு) கோச்சிங், டேட்டாஃப்ளோ (சான்றிதழ் சரிபார்ப்பு) உதவி என எல்லாம் ஒரே கட்டணத்தில் இருக்கும். 108-இல் ஓடியவர்கள், நர்சிங் முடித்தவர்கள், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆக்சிடென்ட் அண்டு எமர்ஜென்சி கேர் படித்தவர்கள், இலங்கையின் '1990 சுவசெரிய' ஆம்புலன்ஸ் சேவையில் வேலை பார்த்தவர்கள் எனப் பலரும் வாங்குவது இதையேதான். இந்தப் பயிற்சிகளை இங்கே ஒரே ஒரு கேள்வியால் அளக்கிறோம். ஆகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் உளறிக்கொண்டு கிடக்கிறார். அந்த நேரத்தில் இந்தப் பயிற்சி எவ்வளவு உதவும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலைக்குள் நுழைய இந்தப் பயிற்சிகளின் சான்று கார்டுகள் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெயிலைப் பற்றி அவற்றில் இருப்பது மிகக் கொஞ்சம். அந்தக் குறையை நிரப்புகிற பயிற்சி பேக்கேஜில் பெரும்பாலும் வருவதில்லை. நீங்களே கேட்டு வாங்க வேண்டும், அல்லது நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

"சென்னை வெயிலைப் பார்த்தவனுக்கு துபாய் வெயில் என்ன?" என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை உடம்பு சூட்டைக் காற்றிடம் தள்ளிவிடும். காற்றே 45 டிகிரிக்குப் போனால் சூடு காற்றிலிருந்து உடம்புக்குள் வரும், மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ரியாத்தின் வறண்ட காற்றில் வியர்வை நன்றாக ஆவியாகும், ஆனால் எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. துபாய், தோஹா, தம்மாம் போன்ற கடலோர ஊர்களில் ஜூலை, ஆகஸ்ட் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து கொட்டும், உடம்பு குளிராது. சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பனிநிலை வெப்பம் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரி பதிவானது. அந்த நிலையில் தோலிலிருந்து வியர்வை ஆவியாக வழியே இல்லை. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. இவை இரண்டும் இரு வேறு ஆபத்துகள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். அதைப் பிறகு விளக்குகிறோம்.

முதலில் பிஎல்எஸ். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டைத்தான் வளைகுடாவில் பெரும்பாலும் கேட்கிறார்கள். அரை நாள் வகுப்பு. எழுத்துத் தேர்வில் 25 கேள்விகள், தேர்ச்சிக்கு 84 சதவீதம். கார்டு இரண்டு ஆண்டு செல்லும். உள்ளடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 மார்பு அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். வித்தியாசம் வருவது மையத்துக்கு மையம்தான். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் காட்டும் கருவி பயிற்சிப் பொம்மையில் இருக்கிறதா? 2019 ஜனவரி 31 முதல் இது கட்டாயம். ஒரு பொம்மைக்கு எத்தனை பேர்? மூன்றுக்கு மேல் போனால் உங்களுக்குப் பயிற்சி கிடைக்காது, வேடிக்கைதான் கிடைக்கும். மூன்றாவது, கார்டு இணையத்தில் சரிபார்க்கக்கூடிய ஈ-கார்டா? மையத்தின் முத்திரை குத்திய தாளை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். "வகுப்புக்கு வர வேண்டாம், கார்டு மட்டும் அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே பொம்மை முன் நிறுத்திச் சோதிப்பார்கள்.

வகுப்பில் சொல்லாத ஒன்று: ஏசி அறையில் இரண்டு நிமிடம் தாங்குகிற கை, 44 டிகிரியில் ஒரு நிமிடத்திலேயே தளரும். களைப்பு தெரிந்தால் இரண்டு நிமிடத்துக்குக் காத்திராமல் மாறலாம் என்று விதிமுறையே அனுமதிக்கிறது. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு மாறினால் இடைவெளி விழாது. வெயிலில் கிடந்த தார்ச்சாலையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். முழங்காலை ஊன்ற முடியாது, நோயாளியின் முதுகும் வெந்துபோகும். மடித்த போர்வையோ ஸ்ட்ரெச்சர் விரிப்போ அடியில் போகாமல் அழுத்தம் தொடங்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் தொடங்குங்கள், அடுத்த ஆள் மாற்றத்தில் போர்வையைச் சொருகுங்கள், முடிந்தவுடன் நிழலுக்கு நகர்த்துங்கள்.

ஏசிஎல்எஸ் கார்டுக்கும் இரண்டு ஆண்டு ஆயுள், 50 கேள்வி, அதே 84 சதவீதம். ஈசிஜி தாளங்களை அடையாளம் காணத் தெரியாமல் இந்த வகுப்பில் போய் உட்காருவது பணவிரயம். இரண்டு நாளில் அவர்கள் தாளம் சொல்லித்தர மாட்டார்கள், தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவார்கள். இஎம்டி (அவசர மருத்துவ டெக்னீஷியன்) நிலையில் விண்ணப்பிப்பவர் எல்லா இடத்திலும் இதைக் காட்ட வேண்டியதில்லை. வேலை அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் எடுங்கள். நம் கேள்விக்கு வந்தால், இதயம் நிற்பதற்கான திருத்தக்கூடிய காரணங்களாக மனப்பாடம் செய்விக்கும் 'எச்' பட்டியலில் ஹைப்போதெர்மியா (உடம்பு மிகவும் குளிர்வது) உண்டு, ஹைப்பர்தெர்மியா (உடம்பு மிகவும் சூடேறுவது) கிடையாது. ஐரோப்பிய மறுஉயிர்ப்பு மன்றத்தின் பட்டியலில் குளிர், சூடு இரண்டும் ஒரே வரியில் இருக்கும். வளைகுடாவில் வேலை செய்பவர் அந்த ஐரோப்பிய வரியைத் தன் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடம்பு 42 டிகிரியில் இருக்கும்போது அட்ரினலினும் ஷாக்கும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் காரணம் அப்படியே இருக்கும்.

பேக்கேஜில் உண்மையாகவே காசுக்குத் தகுந்தது பிஎச்டிஎல்எஸ். 16 மணி நேரம், கார்டு நான்கு ஆண்டு. அங்கே வரும் கேஸ்களில் பெரும்பகுதி எதுவோ அதைத்தான் இது சொல்லித்தருகிறது: நெடுஞ்சாலை விபத்து, சாரத்திலிருந்து விழுதல், நசுங்கிய கை கால். ரத்தப்போக்கை முதலில் நிறுத்து, பிறகு மூச்சுவழி என்கிற வரிசை கைக்குப் பழகிவிடும். ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டையான டூர்னிக்கேவை அவரவர் காலில் அவரவரே போட்டுப் பார்க்கவைக்கும் பயிற்றுநர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாடப்புத்தகத்தில் வெப்பம், குளிர் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் வகுப்பில் அந்த அத்தியாயத்துக்குப் பெரும்பாலும் நேரம் ஒதுக்குவதில்லை என்பதுதான் குறை. புத்தகம் கையில் வந்ததும் முதலில் அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள், உணவு இடைவேளையில் பயிற்றுநரைப் பிடித்துக் கேளுங்கள். அதே மாதிரியான ஐடிஎல்எஸ் வகுப்பையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இரண்டில் ஒன்று போதும்.

ப்ரோமெட்ரிக் கோச்சிங்கைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. கணினியில் எழுதும் கொள்குறி வினாத் தேர்வு. பழைய கேள்விகளின் தொகுப்பை விற்கும் மையங்கள் நிறைய. அடிப்படை தெரிந்தவர் ஒரு நல்ல கேள்வி வங்கியை வைத்துத் தானே படித்துத் தேறிவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பல தொகுப்புகளில் "ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்து சூடாக இருக்கும், வியர்வை இருக்காது" என்ற பழைய வரி இன்னும் விடையாக இருக்கிறது. முதியவர்கள் பூட்டிய அறையில் வெந்துபோகும்போது அது பெரும்பாலும் சரி. வேலை செய்துகொண்டே விழுகிற 28 வயதுக் கம்பி கட்டும் தொழிலாளிக்கு உடம்பு முழுக்க வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே 41 டிகிரி இருக்கும். வியர்க்கிறது, அதனால் வெறும் களைப்புதான் என்று முடிவுகட்டினால் ஆள் போய்விடுவார். களைப்பையும் ஹீட் ஸ்ட்ரோக்கையும் பிரிப்பது வியர்வை அல்ல, புத்தி நிலை. உளறல், முரட்டுத்தனம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு, இவற்றில் ஒன்று இருந்தால் வேறு காரணம் உறுதியாகும்வரை அது ஹீட் ஸ்ட்ரோக்.

பேக்கேஜில் இல்லாத, ஆனால் கட்டாயம் கைப்பழக்கமாக வேண்டிய பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. 108-இல் நமக்குப் பழக்கமானது 'ஏற்று, ஓடு' முறை. ஹீட் ஸ்ட்ரோக்கில் வரிசை தலைகீழ்: முதலில் குளிர்வி, பிறகு ஓடு. மூச்சுவழிக்கு ஆபத்து இல்லை, குளிர்விக்க வசதி இருக்கிறது என்றால் இடத்திலேயே குளிர்வித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். விழுந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நேரம் கூடக்கூட மூளை, ஈரல், சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

பயிற்சியில் செய்து பார்க்க வேண்டியது இது. பிணப்பை என்று நாம் சொல்கிற அதே ஜிப் வைத்த நீர்புகாப் பையை ஸ்ட்ரெச்சரில் விரியுங்கள். ஆளை உள்ளாடை தவிர மற்ற துணி களைந்து அதில் படுக்கவையுங்கள். ஐஸையும் தண்ணீரையும் கொட்டி, ஜிப்பை மார்புவரை ஏற்றுங்கள். தலை, கைகள், மானிட்டர் வயர்கள் வெளியே இருக்கட்டும். ஐஸ் மட்டும் போட்டால் அது தொடுகிற இடம்தான் குளிரும். தண்ணீர் சேர்ந்தால்தான் உடம்பு முழுக்கப் படும், அதனால் இரண்டும் வேண்டும். தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் நின்றுவிடும். இந்த முறையில் சரியாகச் செய்தால் நிமிடத்துக்கு 0.15 முதல் 0.2 டிகிரி வரை இறங்கும். 42-இலிருந்து 39-க்கு வர ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் மட்டும் ஐஸ் பொட்டலம் வைப்பது பல புத்தகங்களில் முதல் சிகிச்சையாக இருக்கிறது. அது இதைவிடப் பல மடங்கு மெதுவானது. வேறு எதுவும் இல்லாதபோது மட்டும் செய்யலாம்.

தார்ப்பாயின் நான்கு முனைகளையும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தி ஐஸ் தண்ணீரை அலசும் முறையும் உண்டு. கட்டட வேலை இடத்தில் தார்ப்பாய், ஐஸ், தண்ணீர் லாரி, ஆட்கள் நான்கும் கிடைக்கும் என்பதால் இதை ஒத்திகை பார்த்தவருக்கு அது பெரிய பலம். இருவர் மட்டும் ஒத்திகை பார்த்தால் பயனில்லை. தெரியாத ஐந்து பேருக்குச் சைகையால் வேலை சொல்லப் பழக வேண்டும்.

ஈரத் துணி போட்டு விசிறுவதைப் பற்றி மேலே ஊரைப் பொறுத்து மாறும் என்றோமே, அது இங்கேதான். ஆவியாதலை நம்பும் எந்த முறையும் காற்று வறண்டிருந்தால்தான் வேலை செய்யும். மெக்காவில் ஹஜ் பயணிகளுக்காக 1980 வாக்கில் உருவான குளிர்விக்கும் படுக்கை, தண்ணீரைத் தூவி வெதுவெதுப்பான காற்றை ஊதுவது. தோல் சில்லிட்டு ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடாமல் இருக்கத்தான் வெதுவெதுப்பான காற்று. அந்த வறண்ட ஊருக்கு அது பொருத்தம். துபாயின் ஆகஸ்ட் இரவில் திறந்தவெளியில் ஈரப் போர்வை போர்த்தினால் அது வெந்நீர்த் துணியாகக் கிடக்கும். ஆளை ஏசி ஓடும் வண்டிக்குள் ஏற்றிய பிறகு அதே போர்வையும் விசிறியும் ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தராத பயிற்சியில் செய்முறை இருக்கும், அறிவு இருக்காது.

வெப்பத்தை எங்கே அளப்பது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். நெற்றி, அக்குள், காது, வாய் எதுவும் இந்த நிலையில் நம்பத் தகுந்ததல்ல. நெற்றியில் காட்டும் கருவி வெயிலில் கிடந்த தோலைத்தான் அளக்கிறது. ஆசனவாய் வழி ப்ரோப்தான் சரி, அதையும் உங்கள் உரிமத்தின் நிலையும் நிறுவனத்தின் புரோட்டோகாலும் அனுமதித்தால். ப்ரோப் இல்லை என்பதற்காகக் குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, புத்தி தடுமாற்றமும் வெயிலும் சேர்ந்திருந்தால் போதும், தொடங்கலாம். 39-ஐ நெருங்கியதும் நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் கொஞ்சம் தானாக இறங்கும். ஜிஆர்பிஎஸ் (ரத்தச் சர்க்கரை அளவு) பார்க்காமல் எந்த உளறலையும் வெயில் கணக்கில் எழுதாதீர்கள், குறிப்பாக ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் வரும் சர்க்கரை நோயாளிகளில். பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. இது மூளை கூட்டிவைத்த காய்ச்சல் அல்ல, வெளியிலிருந்து ஏறிய சூடு. ஏற்கெனவே அடிவாங்கிய ஈரலுக்கு அது கூடுதல் சுமை. வலிப்போ கடும் நடுக்கமோ வந்தால் அதை அடக்கும் மிடசோலம் போன்ற மருந்துகள், அதுவும் உங்கள் நிலைக்கு உரியதாக இருந்தால் மட்டும்.

2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. பயிற்சி மையங்கள் இதை ஒரு ஸ்லைடாகக் காட்டிவிட்டு நகர்கின்றன. ஒரு பையும் இரண்டு மூட்டை ஐஸும் வாங்கி அரை நாள் ஒத்திகை வைக்க எந்த மையத்துக்கும் பெரிய செலவில்லை. கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

அடுத்தது கருவிகளும் மருந்துகளும். இதை எந்த வகுப்பும் தொடுவதில்லை. ஆனால் வெயில் நாட்டில் முதல் கோடையிலேயே கருவி காலை வாரும். இன்ஜினை நிறுத்திப் பூட்டிய வண்டியின் உள்வெப்பம் வெளிவெப்பத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். பெரும்பாலான மருந்துகளுக்கு 20 முதல் 25 டிகிரி என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும், கொஞ்ச நேரத்துக்கு 30 வரை பொறுக்கும். லோரசபாம், சக்சினைல்கோலின் போன்றவை 2 முதல் 8 டிகிரிக் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். நைட்ரோகிளிசரின் மாத்திரை சூட்டிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும், பார்த்தால் தெரியாது. ஷிஃப்ட் தொடக்கத்தில் காலாவதித் தேதி பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அத்தோடு மருந்துப் பெட்டியின் வெப்பமானியையும் பார்த்து எழுதும் பழக்கம் வேண்டும், அந்த வண்டி இரவு முழுக்க எங்கே நின்றது என்று கேட்கும் பழக்கமும் வேண்டும்.

குளுக்கோமீட்டர்கள் பொதுவாக 40 டிகிரி வரைதான் வேலை செய்யும், அதற்கு மேல் பிழைச் செய்தி காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவோ 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாதது, அது கெட்டால் பிழைச் செய்திகூட வராது, தவறான எண்தான் வரும். நேரடி வெயிலில், ரத்த ஆக்சிஜனை அளக்கும் சாச்சுரேஷன் ப்ரோப் தடுமாறும், விரலையும் ப்ரோப்பையும் துணியால் மூடினால் சரியாகும். நோயாளிப் பதிவேட்டுக்கு ஐபேட் கொடுக்கும் இடங்களில், அதன் உற்பத்தியாளரே 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார். வெளியே எடுத்துக்கொண்டு போனால் தானே அணைந்துவிடும். முக்கிய நேரங்களைக் கையுறைமேல் ஒட்டிய டேப்பில் பேனாவால் குறிப்பது பழைய வழக்கம்தான், இன்னும் அதற்கு ஈடில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை 50 டிகிரி தாண்டும் இடத்தில் போட்டுவைக்கக் கூடாது, வெயிலில் நிறுத்திய வண்டிக்கு இதுவும் பொருந்தும்.

வியர்வை தனித் தொல்லை. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப் கருவியின் பேட் ஈர மார்பில் ஒட்டாது, ஒட்டியது போல் இருந்து ஷாக் நேரத்தில் விலகும், அல்லது வியர்வைப் படலத்தின் வழியே மின்சாரம் மேலோட்டமாக ஓடிவிடும். டீஃபிப் பையிலேயே ஒரு சின்னத் துண்டு இருக்க வேண்டும், பேட்டைப் பிரிப்பதற்கு முன் ஐந்து விநாடி அழுத்தித் துடைக்க வேண்டும். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய்) குத்தியபின் டேப் நழுவும். காஸ் வைத்து உலர்த்தி, சுற்றிக் கட்டும் பேண்டேஜால் பிடித்துவிடுவதுதான் நம்பகமானது. ஏசி வண்டியிலிருந்து இறங்கியவுடன் கண்ணாடி பனித்துப் போவதை கடலோர ஊர்களில் தவிர்க்க முடியாது. கண்ணாடி போடுபவர்கள் கயிறும் துடைக்கும் துணியும் வைத்துக்கொள்ளட்டும். வெயிலில் கிடந்த ஸ்பைன் போர்டும் (முதுகெலும்பைத் தாங்கும் பலகை), ஸ்ட்ரெச்சர் பக்கிள் போன்ற உலோகப் பாகங்களும் நினைவில்லாத நோயாளியின் தோலைச் சுடும், அவரால் சொல்ல முடியாது. உங்கள் கையின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கவையுங்கள்.

ஓட்டுநர் பயிற்சிக்கு வருவோம். 108-இல் பைலட் (ஓட்டுநர்) வேறு, இஎம்டி வேறு. வளைகுடாவில் பல குழுக்களில் இருவருமே சிகிச்சையும் பார்ப்பார்கள், முறைவைத்து ஓட்டவும் வேண்டும். "எனக்கு ஓட்டத் தெரியாது" என்பவருக்கு வாய்ப்பு பாதியாகக் குறையும். அமீரகத்தில் இந்திய உரிமத்தை அப்படியே மாற்றித்தர மாட்டார்கள், உள்ளூர்த் தேர்வில் தேற வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி சாலையின் வலப்பக்கம், ரவுண்டானாவில் இடமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. சாதாரண நேரத்தில் இரண்டு வாரத்தில் பழகும். சைரன் போட்டு, காதில் ரேடியோ ஓடும்போது மூளை பழைய பக்கத்துக்குத் திரும்பிவிடும், அதற்காகத்தான் அவசர ஊர்தி ஓட்டும் தனி வகுப்பு. ஊரிலேயே அந்த வகுப்பு எடுத்துப் பயனில்லை. அங்கே நிறுவனம் தருவதை எடுங்கள், அதில் இரண்டு விஷயத்தைக் கூர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, விபத்து இடத்தில் வண்டியைச் சாய்வாக நிறுத்தி உங்களையும் நோயாளியையும் மறைக்கும் முறை, முன்சக்கரங்கள் ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு, டயர். சூட்டில் வெடிக்கும் டயரால்தான் பல நெடுஞ்சாலை விபத்துகள், உங்கள் டயரும் அதே சாலையில்தான் ஓடுகிறது. காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், பக்கச் சுவரில் போட்டிருக்கும் உற்பத்தி வாரம், ஆண்டு எண்ணையும் படிக்கப் பழகுங்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 3,000 திர்ஹம் அபராதம், உரிமத்தில் 6 கரும்புள்ளி, 30 நாள் வண்டி பறிமுதல். அதனால் பெரும்பாலும் வழிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் குறுக்குச் சந்திப்பை நிதானமில்லாமல் கடப்பதுதான் ஆபத்து.

மொழிக்குத் தனி வகுப்பு தேவையில்லை, ஐம்பது வாக்கியம் போதும். அரபியை மட்டும் படிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் தூக்கப்போகும் தொழிலாளர்களில் பெரும்பகுதி இந்தி, உருது, வங்காளம், மலையாளம், நேபாளி பேசுபவர்கள். "எங்கே வலிக்கிறது", "மூச்சு விடுங்கள்", "அசையாதீர்கள்", "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்", "சர்க்கரை உண்டா", "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்" என்ற ஆறையும் இந்த மொழிகளிலும் அரபியிலும் மனப்பாடம் செய்யுங்கள். ரேடியோவும் ஒப்படைப்பும் ஆங்கிலத்தில். வயது, நேரம், எப்படி அடிபட்டது, என்ன காயம், அளவீடுகள், கொடுத்த சிகிச்சை என்ற வரிசையில் முப்பது விநாடிக்குள் சொல்லி முடிக்க, ஃபோனில் பதிவுசெய்து கேட்டுப் பழகினால் எந்தக் கோச்சிங்கையும்விடப் பலன் கிடைக்கும்.

கடைசியாக உங்கள் உடம்பு. இதையும் பயிற்சியின் பாகமாகவே எண்ணுங்கள். வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்வது: புதியவர் முதல் நாள் வெயில் வேலையில் 20 சதவீதத்துக்கு மேல் செய்யக் கூடாது, பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டலாம். முன்பே பழகியவர் திரும்பி வந்தால் 50, 60, 80, 100 என்று நான்கு நாள். ஒரு வாரம் விலகியிருந்தாலே பழக்கம் குறையத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். ஜூலை மாதம் ஊருக்கு விடுப்பில் வந்துவிட்டு ஆகஸ்டில் நேராக ஷிஃப்டில் நிற்பவர் ஏறத்தாழப் புதிய ஆள்தான். மேலதிகாரியிடம் சொல்லி முதல் சில நாள் இரவு ஷிஃப்ட் கேளுங்கள். வேலை நேரத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 240 மி.லி. தண்ணீர். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே உளறலையும் வலிப்பையும் கொண்டுவரும். உப்புப் போட்ட மோர் கொண்டுபோகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயில் வேலைக்குத் தடை உண்டு. கத்தாரில் ஜூன் 1 தொடங்கிக் காலை 10 முதல் மாலை 3.30 வரை. ஆம்புலன்ஸுக்கு அந்த ஓய்வு கிடையாது. உங்களுக்கும் உங்கள் கூட்டாளிக்கும் இடையில் ஓர் ஏற்பாடு வேண்டும்: ஒருவர் எரிச்சலாகப் பேசத் தொடங்கினால் மற்றவர் அவரை வண்டிக்குள் அனுப்பிவிட வேண்டும், வாதம் கிடையாது.

எதை எப்போது எடுப்பது என்பதிலும் பணம் கரையும். பேக்கேஜ் மையங்கள் எல்லாவற்றையும் முதல் மாதமே முடித்துவிடச் சொல்லும். டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு மாதக்கணக்கில் இழுக்கக்கூடியது, குறிப்பாக நம் பெயர்களில் வரும் இனிஷியலால். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் விரிந்து நிற்கும், மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து நிற்கும், அனுபவச் சான்றிதழில் அதுவும் இருக்காது. பெயர்களைச் சரிசெய்வதும், பழைய வேலையிடத்தில் அனுபவச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் வாங்குவதும் முதல் வேலை. பிஎச்டிஎல்எஸ் கார்டு நான்கு ஆண்டு நிற்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் கார்டுகளின் இரண்டு ஆண்டு, வகுப்பு முடித்த மாதத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சரிபார்ப்பு முடியும் தறுவாயில், நேர்காணல் தேதி கண்ணில் தெரியும்போது அவற்றை எடுத்தால் வேலையில் சேர்ந்தபின் புதுப்பிக்கும் செலவு நிறுவனத்தின் கணக்கில் போகும். விமானம் ஏறும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அக்டோபரோ நவம்பரோ கேளுங்கள். முதல் கோடை வருவதற்கு முன் ஆறு மாதம் உள்ளூர்ச் சாலைகளும், வண்டியின் ஒவ்வொரு அலமாரியும், கூட்டாளிகளின் பேச்சும் பழகியிருக்கும்.